ஆயாக் கொட்டகையும் ஐ.நா. சாசனமும்

விடியாத வேளையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடப்பது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கெல்லாம் தெரிந்த காட்சிதான். ஒரு கையில் பிள்ளை. மறு கையில் பால் போத்தலும் மாற்றுத் துணியும். ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளையை இறக்கி விட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். திரும்பினால் பிள்ளை அழும். நின்றால் பெரட்டில் பேர் போய்விடும்.

நாம் வளர்ந்த கொட்டகை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே ஆயா. அவரும் மரம் வெட்ட முடியாமல் போன வயசான பாட்டி. தொட்டிலை ஆட்டுவது, ஈரத் துணியை மாற்றுவது, பசிக்கு ஊட்டுவது என்று அவர் பொழுது போய்விடும். பிள்ளையோடு பேச நேரம் ஏது? "அழாம கெடந்தா போதும் சாமி" என்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. அன்று அவர் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேரைப் பாம்பும் பூரானும் பார்த்துக்கொண்டிருக்கும்!

அந்தக் கொட்டகையை நம் பெரியவர்கள் "தொரை போட்டுக் குடுத்தது" என்றுதான் சொல்வார்கள். ஏதோ தருமம் செய்துவிட்டது போலப் பேச்சு. உலகம் இதைப் பற்றி வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டோம்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919ஆம் ஆண்டில், எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி லண்டன் வீதியில் துண்டுத்தாள் கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டு அபராதம் கட்டும்படி ஆனது. பகை நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் படத்தை அவர் அதில் அச்சிட்டிருந்தார். பிள்ளைக்குப் பகை ஏது, நாடு ஏது என்பது அவர் கேள்வி. அவர் எழுதிய ஐந்து வரையறைகளை 1924இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் சங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னர் 1959இல் ஐக்கிய நாடுகள் சபை பிள்ளைகளுக்கென ஒரு பிரகடனம் செய்தது. 1979ஐ அனைத்துலகக் குழந்தைகள் ஆண்டு என்று கொண்டாடினார்கள். இவையெல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். ஆனாலும் எந்த அரசாங்கத்தையும் கட்டுப்படுத்துகிற வார்த்தைகள் அல்ல. 1989ஆம் ஆண்டு நவம்பர் 20இல் நிறைவேறிய பிள்ளைகள் உரிமைச் சாசனம்தான் அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக வந்தது. மொத்தம் 54 பிரிவுகள். 196 தரப்புகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கையெழுத்துப் போட்டும் உறுதி செய்யாமல் நிற்பது அமெரிக்கா. ஊருக்கு உபதேசம் செய்கிற பெரியவர் வீட்டில் இப்படி!

மலேசியா 1995இல் சேர்ந்தது. சேரும்போது சில பிரிவுகளை ஏற்பதற்கில்லை என்று ஒதுக்கி வைத்தது. அவற்றுள் சிலவற்றைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. 2010இல் மேலும் சிலவற்றை ஏற்றபோதும், பிள்ளை பிறந்தவுடன் பேர் பதிவதையும் குடியுரிமையையும் பேசுகிற 7ஆம் பிரிவு ஒதுக்கத்திலேயே இருந்தது. இது ஏன் நம்மைச் சுடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் நின்ற பிள்ளையையும், சிவப்பு அடையாளக் கார்டோடு கிழவனாகிப் போன மனிதரையும் நம் லயங்களில் பார்த்திருக்கிறோம்.

ஆயாக் கொட்டகைக்கு வருவோம். சாசனத்தின் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வேலைக்குப் போகும் தாய் தகப்பனுடைய பிள்ளைகளுக்குப் பராமரிப்பு வசதி கிடைக்க அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும், அது பிள்ளைகளின் உரிமை என்கிறது. உரிமை தாய்க்கு மட்டும் அல்ல, பிள்ளைக்கே! தொட்டிலில் கிடக்கிற, பேசத் தெரியாத பிள்ளைக்கு! 31ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்கு விளையாட உரிமை உண்டு என்கிறது.

"வெளையாட்டுக்கு எல்லாம் ஒரு சட்டமா?" என்று சிரிப்பவர்கள் ஜமைக்காவில் நடந்ததைக் கேட்க வேண்டும். ஜமைக்கா கரும்புத் தோட்டத் தீவு. 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன இடங்களில் அதுவும் ஒன்று. அதன் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத 129 பிள்ளைகளைச் சாலி கிரந்தம் மெக்ரெகர், சூசன் வாக்கர் முதலிய ஆய்வாளர்கள் 1986, 1987ஆம் ஆண்டுகளில் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குட்பட்டவர்கள். நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு. ஒரு பிரிவுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் வீட்டுக்கே வந்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இன்னொரு பிரிவுக்கு இரண்டும். மீதிப் பிரிவுக்கு இரண்டும் இல்லை.

அந்தப் பணிப்பெண்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். கொண்டுபோன விளையாட்டுச் சாமான்களும் கடைச்சரக்கு அல்ல. பெரும்பாலும் காலி போத்தலும் அட்டைப் பெட்டியுமாக வீட்டுக் கழிவில் செய்தவை. இந்த வாரம் ஒன்றை விட்டுவிட்டுப் போய், அடுத்த வாரம் மாற்றிக் கொடுப்பார்கள். இரண்டு ஆண்டுகள் நடந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் விடவில்லை. வளர வளரத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். தொடக்கத்தில் பால் மாவும் பலன் தந்தது. இரண்டும் கிடைத்த பிள்ளைகளே முந்தினார்கள். ஆனால் பால் மாவின் பலன் ஆண்டுகள் போகப் போக மங்கிவிட்டது. பேச்சும் விளையாட்டும் கொடுத்த பலன் மங்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அவர்களுடைய சம்பாத்தியம், அது கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2014இல் இது வெளிவந்தது. வளர்ச்சி குன்றாத பிள்ளைகளை அவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதும் அதில் உண்டு. இதைக் கேட்டுப் பால் மாவை நிறுத்திவிடாதீர்கள்! வயிறு காய்ந்த பிள்ளைக்கு விளையாட்டு ஏறாது.

2018இல் உலகச் சுகாதார நிறுவனம், யூனிசெப், உலக வங்கி ஆகியவை சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதையே ஏற்றிருக்கிறது. உடல்நலம், உணவு, பாதுகாப்பு ஆகியவற்றோடு, பிள்ளையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் மறுமொழி கொடுக்கும் பராமரிப்பும், ஆரம்பக் கற்றலும் வேண்டுமென்று அது சொல்கிறது. நம் கொட்டகைப் பாட்டிக்கு நேரமில்லாமல் போனது இந்தக் கடைசி இரண்டுக்குத்தான்.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் 1984இல் வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே கொட்டகை யாரும் போட்ட பிச்சை அல்ல. சங்கக் கூட்டத்தில் சம்பளம், போனஸ் எல்லாம் பேசி முடித்து, நேரமிருந்தால் பேசுகிற விஷயமும் அல்ல. கொட்டகை இருக்கிறதா, ஒரு ஆயாவுக்கு எத்தனை பிள்ளை, ஆயாவுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் வெளியேறிய இடங்களில் கேட்பதற்குக் கொட்டகையே இல்லை. பிள்ளை பாட்டியிடம் இருக்கிறது. பாட்டி கையில் கைப்பேசி இருக்கிறது. "அத குடுத்தாத்தான் சோறு எறங்குது" என்று சொல்லக் கேட்கிறோம். இரண்டு வயது நிறையும்வரை திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அதற்குப் பதிலாகக் காலி மைலோ டின்னும் ஒரு கரண்டியும் போதும். காது கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போத்தலில் கல்லைப் போட்டுக் கிலுகிலுப்பை செய்தால் மூடியை நன்றாக இறுக்குங்கள், பிள்ளை விழுங்கிவிடப் போகிறது.

உங்கள் தோட்டத்தில் கொட்டகை எப்படி இருக்கிறது? பிள்ளைகள் எத்தனை, ஆயா எத்தனை? அடுத்த வாரத்துக்குள் நமக்கு எழுதிப் போடுங்கள். பேரைப் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.