தொலைந்த பாட்டு – 11: ஏழு பெண்கள், ஏழு சுரங்கள்

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஆட்டையாம்பட்டி என்றால் முறுக்கு. வண்டி நின்றதும் நாலு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதே சாலையில் மல்லசமுத்திரம் தாண்டிப் போனால் திருச்செங்கோட்டு மலை. சிலப்பதிகாரத்தில் மதுரையை விட்டு வந்த கண்ணகி ஏறி நின்ற நெடுவேள் குன்றம் இந்த மலைதான் என்று ஒரு பழைய கொள்கை உண்டு. எங்கள் பக்கத்தில் இன்றும் அப்படிச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கொள்கையை மறுத்தவர் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார். கொடுங்கோளூருக்குப் பக்கத்தில் உள்ள செங்குன்றுதான் அது என்று காரணம் காட்டி எழுதினார். அவர் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர். தன் நாட்டுக்குச் சேர வேண்டிய பெருமையைக்கூட நியாயம் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மனிதர். நம் பழைய பாட்டின் இசைக்கு இன்று ஏதாவது தடம் இருக்கிறது என்றால் அதில் பெரும்பங்கு அவருடையது.

போன வாரம் இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியைப் பார்த்தோம். 1741-இல் வியன்னாவில் ஏழையாக இறந்தார். அவருடைய இசை நாடகங்களை உலகம் அடியோடு மறந்துபோனது. 1926-இல் ஒரு பாதிரியார் பள்ளி, கட்டடம் பழுதுபார்க்கப் பணம் தேடித் தன் பழைய ஏடுகளை விற்க முன்வந்தபோது, அவற்றுக்குள் அவர் கைப்பட எழுதிய கட்டுகள் கிடந்தன. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், குழந்தையின் நினைவாக அவற்றை வாங்கித் தூரின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். மீதிப் பாதி ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்தில் இருந்தது. 1930-இல் அதையும் வாங்கிக் கொடுத்தவர் அதே போலப் பிள்ளையை இழந்த இன்னொரு தகப்பன். 1939-இல் சியேனா நகரில் விவால்டியின் இசை நாடகம் ஒன்று மீண்டும் மேடை ஏறியது. தாளில் சுரம் எழுதியிருந்ததால் ஏடு கிடைத்ததும் பாட முடிந்தது.

நமக்குக் கிடைத்த ஏட்டில் சொல் இருந்தது, சுரம் இல்லை.

அந்த ஏடுகள் கைக்கு வந்த கதையிலும் சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், தன்னைப் பார்க்க வந்த கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம் போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, பிறகு சிந்தாமணிப் பிரதியையும் தேடிக் கொடுத்தார். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரமும் அச்சேறின. ஐயரின் தந்தை இசைவாணர். ஐயரே கொஞ்ச காலம் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்றவர். அந்தக் காது இருந்த ஒருவர் கையில் இந்த நூல் போய்ச் சேர்ந்தது தமிழ் செய்த புண்ணியம்.

அரங்கேற்று காதையை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாதவி ஆடிய மேடைக்கு அளவு சொல்லியிருக்கிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், மத்தளக்காரன், குழலூதுகிறவன், யாழ் வாசிக்கிறவன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. இதற்கெல்லாம் அடியார்க்குநல்லார் உரை சொல்லும்போது, தான் துணைக்கொண்ட இசை, நாடக நூல்களின் பெயர்களையும் எழுதி வைத்தார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். தனக்கு முன்பே அழிந்துபோனவற்றையும் தனியே குறித்தார். பின்னால் தேடப் போனவர்களுக்கு எதைத் தேட வேண்டும் என்றாவது தெரிந்தது.

இனி அதே நூலின் ஆய்ச்சியர் குரவைக்கு வருவோம். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் தீய குறிகள் தோன்றுகின்றன. கண்ணகி பார்க்க ஒரு குரவைக் கூத்து ஆடலாம் என்கிறாள் அவளுக்கு அடைக்கலம் தந்த மாதரி. ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே அவர்களுக்கு இடுகிறாள். இன்றைய ச, ரி, க, ம, ப, த, நி. விரலோடு விரல் கோத்து அவர்கள் ஆடுகிறார்கள்.

ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் கும்மி பழகும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். செய்துபார்ப்போம் என்றார்கள். ஏழு பேர் நின்றார்கள். ஆர்மோனியத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரம் பிடித்துக் கொடுத்தோம். பழைய உரைகள் காத்துத் தந்த ஒரு வெண்பா, சுரங்களுக்கு அலகு சொல்கிறது: குரலுக்கு 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. மொத்தம் 22. சிக்கல் இங்கேதான். ஒரு சுரத்துக்குச் சொன்ன அலகை அதற்கு முன்னுள்ள இடைவெளியாக எண்ணினால் அரிகாம்போதி வருகிறது. பின்னுள்ள இடைவெளியாக எண்ணினால் கல்யாணி ஆகிவிடுகிறது. அடிப்படைப் பாலையான, அதாவது அடிப்படை ஏழுசுர வரிசையான, செம்பாலையைச் சங்கராபரணம் என்று கொண்டவர்களும் உண்டு. விபுலாநந்த அடிகளும் எஸ். இராமநாதனும் அரிகாம்போதி என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தோம்.

இளியாக நின்ற பெண் கொஞ்ச நேரத்தில் கேட்டாள்: "ஏனுங்க சார், நான் எப்பவுமே இளிதானுங்களா?"

அதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது. பண்ணுப் பெயர்த்தல் என்று பழையவர்கள் சொன்னது இதைத்தான். யாரும் இடம் மாற வேண்டாம், யாரும் தன் சுரத்தை மாற்ற வேண்டாம். இளியாக நிற்பவளைக் குரல் என்று வைத்து அங்கிருந்து வட்டத்தைச் சுற்றி வந்தால் கரகரப்பிரியா கேட்கிறது, அதாவது கோடிப்பாலை. துத்தத்தில் தொடங்கினால் நடபைரவி. உழையில் தொடங்கினால் சங்கராபரணம். விளரியில் தோடி. தாரத்தில் கல்யாணி. கைக்கிளையில் தொடங்கும்போது மட்டும் பஞ்சமம் கிடைக்காமல் இடறுகிறது. அந்தப் பிள்ளைகள் இதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். புத்தகத்தில் பல நாள் முட்டிமோதிய எனக்கும் அன்றுதான் வட்டம் முழுசாகப் புரிந்தது.

இந்தக் கணக்கைத் துலக்கியவர்களில் விபுலாநந்தருக்குத் தனி இடம். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில், சிலப்பதிகாரம் அச்சேறிய அதே 1892-இல் பிறந்தவர். அரங்கேற்று காதையின் யாழாசிரியன் பகுதி, இருபத்தைந்தே அடிகள். அதற்கு விளக்கம் தேடப் போய் அது யாழ்நூலாக வளர்ந்தது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் காலமானார்.

பாடிக் காட்டியவர் குடந்தை ப. சுந்தரேசனார். 1914-இல் பிறந்து 1981-இல் மறைந்தவர். சிலம்பின் பாட்டுகளையும் பரிபாடலையும் தேவாரத்தையும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ஆராய்ச்சியைக் கட்டுரையாக மட்டும் விடாமல் தொண்டையில் ஏற்றியவர் என்பதால் அவரை நான் மிகப் பெரியவராக நினைக்கிறேன். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ஆய்ச்சியர் குரவைப் பாடலை இராகமாலிகையாக எல்லோரும் கேட்டிருப்போம். அது இந்தக் காலத்து மெட்டு. அழகான மெட்டு. ஆனால் பழைய முல்லைப் பண்ணில் பாட முயன்ற சுந்தரேசனார் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அடியார்க்குநல்லார் பெயர் சொன்ன ஐந்தில் ஒன்றான பஞ்சமரபு, 1970-களில் அச்சுக்கு வந்தது. பதிப்பித்தவர் கொங்கு நாட்டுத் தமிழறிஞர் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். விடுதலை கிடைத்து இருபத்தைந்து வருடம் கழித்தும் ஒரு பழைய இசை நூல் வெளிவர இடம் இருந்திருக்கிறது.

அதனால்தான் இந்தப் பக்கத்து வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். சிலப்பதிகாரத்தின் கானல் வரி முழுக்க முழுக்கப் பாட்டு. மாதவியும் கோவலனும் யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடுகிற இடம். அந்தக் காதைக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. எங்காவது ஓர் ஏட்டில் அது இன்னும் இருக்கலாம். ஆடிப்பெருக்குக்கு ஏட்டுக்கட்டுகளைக் காவிரியில் விட்ட வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. நாட்டு வைத்தியர் வீடுகளிலும், சோதிடர் வீடுகளிலும், கோயில் பண்டாரத்தார் வீட்டுப் பரணிலும் இன்னும் கட்டுகள் கிடக்கின்றன. பெரும்பாலும் வாகடமாகவோ சாதகக் குறிப்பாகவோதான் இருக்கும். இருந்தாலும் பார்த்துவிட வேண்டும். கயிற்றை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், ஓலை நொறுங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அடுத்த வாரம் பரிபாடல். பாட்டு எழுதியவர், இசை வகுத்தவர், பண், மூன்றையும் குறித்து வைத்த ஏடு அது.

(தொடரும்)