திருத்திக் கொடுக்க ஓர் ஆள்: யோங் பெங் அன்றும் இன்றும்

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பேருந்தில் போய் வந்தவர்களுக்கு யோங் பெங் தெரிந்த ஊர்தான். சாப்பிடவும் கைகால் நீட்டவும் இறங்குகிற ஊர். ஜோகூரின் பத்து பகாட் மாவட்டத்தில், பூச்சோவ் சீனர்கள் மிகுந்து வாழும் சிறு பட்டணம். இரயில் தடம் லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் என்று கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டதால் இவ்வூருக்குச் சாலைதான் எல்லாம். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை பழைய கூட்டரசுச் சாலையில் போன வண்டிகள் எல்லாம் ஊருக்குள் நுழைந்துதான் போயின.

இப்படியோர் ஊரில், சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்த ஒருவருக்குக் கதை எழுத ஆசை வந்தால் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? 1950-களிலும் இந்தக் கேள்வி இருந்தது. இன்றும் இருக்கிறது. அன்று கிடைத்த பதிலையும் இன்று கிடைக்கும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வசதி பெருகிய அளவுக்கு வாத்தியார் பெருகவில்லை என்பது தெரிகிறது.

அன்று: நாளிதழே வகுப்பறை

1950-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. அதன் சூடு அதிகம் பட்ட மாநிலங்களில் ஜோகூரும் ஒன்று. முள்வேலி, ஊரடங்கு, உணவுப் பொருள் எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு என்று தோட்டத்து வாழ்க்கை சுருங்கிக் கிடந்தது. விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். பிறகு பால்வெட்டு. மரத்துக்கு மரம் போய்க் கோடு போட்டு, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். எழுதுகிறவனுக்குக் கிடைத்தது அதன் பிறகு உள்ள பிற்பகலும், மண்ணெண்ணெய் விளக்கு எரியும் கொஞ்ச நேர இரவும்தான்.

அந்த நாளில்தான் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ஒரு வேலை செய்தது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்னும் இருவர் அதில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். 1950, 51 ஆண்டுகளில் நடந்த இவ்வகுப்புக்குக் கட்டடம் கிடையாது. நாளிதழின் பக்கமே வகுப்பறை. பாடம் அச்சில் வரும். பயிற்சிக் கதை தபாலில் போகும். ஆசிரியர்கள் படித்து, குறை சொல்லி, தரம் பார்ப்பார்கள். கோலாலம்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத தோட்டத்துப் பையனும் ஒரு தபால்தலைச் செலவில் மாணவனாகிவிடலாம். மலேசியச் சிறுகதை வரலாற்றைப் பேசுகிறவர்கள் எவரும் இவ்வகுப்பைத் தாண்டிப் போவதில்லை. பின்னாளில் ‘மூங்கிற் பாலம்’ நாவலை எழுதிய மா. இராமையா அந்தப் பயிற்சியில் முளைத்தவர்களுள் ஒருவர். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றையே பின்னர் களஞ்சியமாகத் தொகுத்து 1996-இல் வெளியிட்டவரும் அவர்தான். கற்றுக்கொண்ட ஒருவர் கடைசியில் எல்லாருடைய கணக்கையும் எழுதி வைத்தார்.

1952-இல் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி ‘தமிழ் நேசன்’ ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1957 வரை இங்கே இருந்தார். ஏற்கெனவே பெயர் பெற்ற கதைக்காரர். வந்த இடத்தில் நாளிதழ் வேலையோடு நிற்காமல், எழுதுகிறவர்களைக் கூட்டி ‘இலக்கிய வட்டம்’ நடத்தினார். கதையை வாசிப்பார்கள், பேசுவார்கள், ஒருவரை ஒருவர் மறுப்பார்கள். தெற்கே சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றப் பக்கத்தைத் திறந்துவிட்டது. அவர் 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள், தோட்டம் தோட்டமாகக் கட்டுரை, கவிதை, பேச்சுப் போட்டிகளைக் கொண்டுபோனது. யோங் பெங் போன்ற ஊர்கள் இந்த இரண்டு நாளிதழ்களுக்கும் நடுவே இருந்தன. வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று.

அதற்காக அன்றைய நாளைப் பொற்காலம் என்று தூக்கிவைக்க வேண்டாம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத வந்தவர்களில் ஆசிரியர்களும், கிராணிகள் எனப்படும் தோட்டத்து எழுத்தர்களும்தான் மிகுதி. பால்வெட்டுப் பெண்ணின் கதையை யாரோ எழுதினார்கள், அவள் எழுதவில்லை. இன்னொன்று: காவேரிக் கரையைப் பார்த்தே இராதவர்கள் காவேரிக் கரையில் காதலர்களை உலவவிட்டார்கள். காலடியில் ஒட்டுப்பால் நாறிக்கொண்டிருக்க, கதையில் மல்லிகை மணந்தது. உன் ஊரை எழுது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. கதை வகுப்பும் இலக்கிய வட்டமும் அந்த ஆளாக இருந்தன என்பதே அவற்றின் பெருமை. நெடுநாள் நீடிக்கவில்லை என்பது அவற்றின் குறை.

இடையில்: பாடம் போய்ப் பரிசு வந்தது

அறுபதுகளின் தொடக்கத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் அமைந்தது. எழுபதுகளில் ‘தமிழ் நேசன்’ பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. நல்ல கதைக்குத் தங்கப் பவுன். 1977-இல் ‘வானம்பாடி’ வார இதழ் வந்து புதுக்கவிதைக்கு இளைஞர் படையையே திரட்டியது. எண்பதுகளின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டியைத் தொடங்கி, தேர்ந்தவற்றைப் ‘பேரவைக் கதைகள்’ என்று நூலாக்கி வந்தது. மாணவருக்கு ஒரு பிரிவு, பொதுமக்களுக்கு ஒரு பிரிவு.

இவையெல்லாம் எழுதுகிறவர் தொகையைப் பெருக்கின. ஆனால் பரிசுக்கும் பாடத்துக்கும் வேறுபாடு உண்டு. வென்ற கதைக்குப் பவுனும் பெயரும் கிடைக்கும். தோற்ற கதைக்கு ஒன்றும் வராது, ஏன் தோற்றது என்ற ஒரு வரிகூட. கற்க வேண்டியவர் அந்தத் தோற்ற கதைக்காரர்தான். சங்கம் நடத்திய சிறுகதைத் திறனாய்வுக் கூட்டங்கள் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தன. என்றாலும் அவை அச்சில் வந்த கதைகளைப் பற்றிய பேச்சு. அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் படியை எடுத்துத் திருத்தித் தருகிற வேலை, ஆசிரியர் குழுவில் யாருக்கேனும் மனமும் நேரமும் இருந்தால் நடந்தது.

இதே காலத்தில் ஊரும் மாறியது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. லயத்தை விட்டுக் குடும்பங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போயின, பிள்ளைகள் ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டம் கலைந்தபோது பள்ளி மட்டும் போகவில்லை. கோயில் திடலில் பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுகிற ஆள், அதைக் கேட்கக் கூடிய கூட்டம், படிப்பகம் எல்லாம் சேர்ந்தே போயின. 1924-இல் பிறந்த ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றது.

இன்று: மேடை கையில், வாத்தியார் தொலைவில்

இன்றைய யோங் பெங் இளைஞர் எழுதியதை வெளியிட யாரையும் கெஞ்ச வேண்டாம். முகநூலில் போட்டால் அடுத்த நிமிடமே ‘அருமை’, ‘சிறப்பு’, கைகூப்பும் சின்னம் எல்லாம் வந்து விழும். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நாள்தோறும் கவிதை சுற்றுகிறது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நூறு படி மட்டும் அடித்து நூலாக்கலாம். வெளியீட்டு விழாவில் பிரமுகர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறையை நீட்டுவார், அச்சுக்கூலி திரும்பிவிடும். வாழ்த்திப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் நூலைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

கற்க இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் அச்சிதழாகத் தொடங்கி 2009-இல் இணையத்துக்கு மாறிய, ம. நவீனும் நண்பர்களும் நடத்தும் ‘வல்லினம்’ சிறுகதைப் பட்டறைகளும் முகாம்களும் கூட்டிவருகிறது. கதையை மேசையில் போட்டுத் தயவுதாட்சண்யம் இல்லாமல் அலசுகிறார்கள். சிலருக்கு அது கசக்கிறது. பயன்பட்டவர்கள் அடுத்த கதையோடு வருகிறார்கள். கெடா மாநிலத்துக் கூலிமில் நடந்த நவீன இலக்கிய முகாம்களுக்குத் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஜெயமோகன் வந்து வகுப்பெடுத்திருக்கிறார். தெற்கே சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் ‘கதைக்களம்’ நடத்துகிறது. 2020-இல் பெருந்தொற்று வந்த பிறகு கூகுள் மீட்டிலும் ஸூமிலும் இலக்கியக் கூட்டம் கேட்பது பழகிவிட்டது. ஜோகூர் பாருவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், கோலாலம்பூருக்கு இருநூறுக்கு மேல் என்ற தூரக் கணக்கு இப்போது பாதி செல்லாது.

ஆனாலும் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளையின் கையில் ஒரு பழைய நோய் ஒட்டியிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வுக்காகத் தலைமுறை தலைமுறையாக வருணனைகளை மனப்பாடம் செய்தோம். எந்தக் கதையானாலும் காலையில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்ப வேண்டும், பறவைகள் இன்னிசை பாட வேண்டும். மதிப்பெண் கிடைத்தது, கண் மூடிக்கொண்டது. 2021-இல் அத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பழக்கம் அதே நாளில் போய்விடுமா?

ஒரு திருத்தத்தை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். பாட்டியின் சாவைப் பற்றி ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘வீடே சோகக் கடலில் மூழ்கியது’ என்று முடிக்கிறாள். முகநூலில் இதற்கு அழுகைச் சின்னம் வரும். நல்ல வாத்தியார் அந்த வரியைக் கோடிட்டு ஓரத்தில் கேட்பார்: பாட்டி என்ன வேலை செய்தார்? அவர் கை எப்படி இருக்கும்? அடுத்த படியில் மாணவி எழுதுவாள்: பால்வெட்டை விட்டு இருபது வருடமாகியும் பாட்டி விடியுமுன் நாலரைக்கு விழித்துக்கொள்வார், அன்று காலை நாலரைக்கு அம்மா மட்டும் எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டாள். சோகம் என்ற சொல் போய்விட்டது, சாவு வந்துவிட்டது. எழுத்துப் பள்ளி என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கிற ஆள்தான்.

இதைத் தொடுதிரை கேட்காது. விருப்பக் குறி கேட்காது. பிரமுகரும் கேட்க மாட்டார். 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கேட்டார்கள், அதுவும் தபாலில். இன்று அதைவிட எளிது என்பதால்தான் நமக்குச் சாக்கு இல்லை.

யோங் பெங்குக்கு மண்டபமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றோ கோயில் மண்டபத்து மூலையோ போதும். மாதம் ஒரு ஞாயிறு, ஐந்து பேர், ஒருவரின் கையெழுத்துப் படி. முன்கூட்டியே புலனத்தில் அனுப்பிவிட வேண்டும், படிக்காமல் வருகிறவர் பேசக் கூடாது. மாலை, பொன்னாடை, முன்னிலை, சிறப்புரை எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் பிடித்த ஒரு வரியையும் தடுக்கி விழுந்த ஓரிடத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை வெளியூர் எழுத்தாளர் ஒருவரை இணையத்தில் அழைத்தால் போதும். தேறிய கதைகளைப் பேரவைப் போட்டிக்கும் இதழ்களுக்கும் அனுப்பலாம். வயது வரம்பு வைக்க வேண்டாம். பால்வெட்டு, பெரட்டு, பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயக்கொட்டகை எல்லாம் நேரில் பார்த்த மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முன்பு எழுதாமல் போன அந்தப் பெண்களை முதலில் அழையுங்கள். எழுத வராதவர் சொல்லட்டும், பேத்தி எழுதட்டும்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் இது அடுத்த மாதமே தொடங்கும். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். சிவப்பு மையை மறந்திருக்க மாட்டார். போய்க் கேளுங்கள்.