கடைக் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டலாமா?

மாதத்தின் முதல் வாரம். கடையில் கூட்டம். பில் போடும் கம்ப்யூட்டரோ ஒவ்வொரு சாமானுக்கும் திணறுகிறது. தெரிந்த தம்பி ஒருவர், "புதுசு எதற்கு அண்ணாச்சி? பிராசஸர் வேகத்தைக் கூட்டித் தருகிறேன்" என்கிறார். தலையாட்டுவதற்கு முன் நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

இதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். பஸ் வேகத்தை ஒரு பெருக்கல் எண்ணால் பெருக்கினால் பிராசஸரின் வேகம் வரும். 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-க்கு பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கல் எண் நாலரை. ஏறத்தாழ 300. பலர் பஸ்ஸை 100 ஆக்கி, அதையே 450-ல் ஓட்டினார்கள். பெருக்கல் எண்ணை மட்டும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. குறைந்த வேகச் சில்லுக்குக் கூடிய வேகத்தின் முத்திரை குத்தி விற்றவர்களும் அந்தப் பூட்டுக்கு ஒரு காரணம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றும் கடைகளில் உள்ள சாதாரண இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் பூட்டப்பட்டவையே. பெயரின் இறுதியில் 'கே' உள்ள வகைகளே பொதுவாகத் திறந்தவை. மதர்போர்டும் அதற்கு இடம் தர வேண்டும்.

வேகத்தைக் கூட்ட வழிகள் இரண்டு.

முதலாவது பயாஸ். கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருமுன் 'டெலிட்' அல்லது 'எஃப்2' விசையை அழுத்தி உள்ளே போக வேண்டும். அங்கு வைத்த அளவு நிலையாக நிற்கும். அளவு தவறினால் கம்ப்யூட்டர் எழும்பாமலே போகலாம். அப்போது மின் இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரியைக் கழற்றிப் போடுவது வழக்கம். தேதியும் நேரமும் அதில் மாறிவிடும். சரிபார்க்காமல் பில் போட்டால் தேதி தவறிப் போகும்.

இரண்டாவது சாஃப்ட்வேர். இன்டெல் எக்ஸ்ட்ரீம் டியூனிங் யுடிலிட்டி, ஏஎம்டி ரைசன் மாஸ்டர் போன்றவை விண்டோஸில் இருந்தபடியே அளவை மாற்றும். சோதித்துப் பார்க்க வசதி. ஆனால் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடக்கூடும். சாஃப்ட்வேர் மூலம் மின்னழுத்தத்தை மாற்றும் வசதியில் பாதுகாப்புக் குறை இருப்பது 2019-ல் வெளியானது. இன்டெல் திருத்தம் தந்து அவ்வழியை அடைக்க இடம் செய்தது.

எந்த வழியானாலும் சூடு கூடும். சித்திரை வெயிலில், தூசி அடைந்த மின்விசிறியோடு மூலையில் இருக்கும் பெட்டிக்கு அது ஆகாது. உத்தரவாதமும் போகலாம். சத்தமின்றிப் பைல் கெட்டுப்போவது அதைவிட ஆபத்து. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

மந்தத்துக்குக் காரணம் பல நேரங்களில் பிராசஸரே அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். ராம் குறைவானால் கூட்டுங்கள். தூசி தட்டுங்கள். எதைத் தொடுமுன்பும் கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள்.

லாபம் கொஞ்சம் தாமதித்து வரலாம். முதலுக்கு மோசம் வரக்கூடாது.