உப்பு மூட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு

ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய நாட்களில் நம் கடைவீதிகளில் கொடி ஏற்றுகிறோம், மிட்டாய் வழங்குகிறோம். பேச எழுந்திருப்பவர்கள் தில்லியைப் பற்றியும் தண்டியைப் பற்றியும் பேசுவார்கள். மளிகை வணிகர்களான நமக்கோ, சுதந்திரத்தைப் பற்றிப் பேச நம் கடைக்குள்ளேயே ஒரு சரக்கு இருக்கிறது. அதுதான் உப்பு.

வெள்ளையர் ஆட்சியில் உப்புத் தொழில் அரசின் பிடியில் இருந்தது. கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். கூலிக்காரனின் கஞ்சிக்குப் போடும் உப்புக்கும் வரி உண்டு. 1930 ஏப்ரல் 6 அன்று காந்தியடிகள் தண்டியில் இந்தச் சட்டத்தை மீறினார். அடுத்த வாரமே, ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 150 மைல் நடைப்பயணம் அது.

வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தவர் அவ்வூர் உப்பு வணிகர் வேதரத்தினம் பிள்ளை என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. உப்பை விற்றுப் பிழைத்தவரே உப்புச் சட்டத்தை எதிர்த்து நின்றார், சிறையும் சென்றார்.

தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறைத் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று போலீசுக்குத் தெரியாது; தொண்டர்கள் பசியாறினார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். ஆறு மாதச் சிறை கிடைத்தது. 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. இன்று ஜி.எஸ்.டி.யிலும் உப்புக்கு வரி கிடையாது. பில் போடும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

அந்தப் பொட்டலங்களைக் கட்டியவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு அரிசி, பருப்பு அளந்தது ஏதோ ஒரு கடைதானே! ஒவ்வோர் ஊர்க் கடைவீதியிலும் இப்படி எழுதப்படாத செய்திகள் இருக்கும். அவற்றை அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். பழைய பேரேடுகளும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எனவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கொடியேற்றத்துக்கு முன், உங்கள் ஊர் மூத்த வணிகர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கேட்டு, கிடைத்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கொடியேற்றும்போது அதை வாசியுங்கள். இன்னொன்று: தேசிய விடுமுறை நாட்களில் சம்பளத்துடன் விடுப்பு பெறுவது கடைப் பணியாளரின் சட்டப்படியான உரிமை. அன்று பாதிக் கதவைத் திறந்து அவரை வேலை வாங்கிவிட்டு, வாசலில் கொடி மட்டும் பறந்தால் போதாது.

வணிகர் வரலாற்றை வணிகர்தான் எழுத வேண்டும். நாம் விட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?