சுவருக்குள் விழும் சம்மட்டி அடி

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் வேகம் போதவில்லை என்று போன வருடம் எங்கள் வீட்டில் பிரஷர் பம்ப் பொருத்தினோம். வாஷிங் மெஷின் நிரம்பும் நேரம் பாதியாகக் குறைந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்து சேர்ந்தது. மெஷின் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் குளியலறைச் சுவருக்குள் 'டம்' என்று ஓர் அடி. முதல் நாள் இரவு, யாரோ தட்டுகிறார்கள் என்று அம்மா போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தார். மெக்கானிக் குழாயைக் குறை சொன்னார், பிளம்பர் மெஷினைக் குறை சொன்னார்.

சத்தம் போட்டது தண்ணீர். 15 மீட்டர் நீளமுள்ள அரை அங்குலக் குழாயில் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். குழாய் திறந்திருக்கும்போது அவ்வளவும் ஒரே கம்பி போலச் சேர்ந்து ஓடுகிறது. கையால் திருகி மூடினால் அதன் வேகம் தணிய அவகாசம் உண்டு. வாஷிங் மெஷினின் பின்புறம் உள்ள இன்லெட் வால்வு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதற்குள் ஒரு சிறு ரப்பர் சவ்வு இருக்கிறது. மின்சாரம் நின்றதும், சவ்வின் நடுத்துளையை ஓர் இரும்பு முளை வந்து அடைக்கும். உடனே தண்ணீரின் சொந்த அழுத்தமே சவ்வை அழுத்தி வழியை மூடிவிடும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒரு தடவை துணி துவைக்க மெஷின் பல முறை தண்ணீர் பிடிக்கும். அத்தனை முறையும் அடி விழும்.

நின்றுபோன தண்ணீரின் வேகம் அழுத்தமாக மாறி, ஒலி அலையைப் போலக் குழாயில் பின்னோக்கி ஓடுகிறது. இரும்புக் குழாயில் அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1400 மீட்டர். இந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜூகோவ்ஸ்கி. மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் சோதனைகள் நடத்தி 1898இல் முடிவுகளை வெளியிட்டார். தண்ணீரின் அடர்த்தி, அலையின் வேகம், ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் அடியின் அளவு கிடைத்துவிடும்.

நம் வீட்டுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் இரும்புக் குழாயில் 14 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். தொட்டியை 140 மீட்டர் உயரத்தில் தூக்கி வைத்தால் வரும் அழுத்தம் அது. நொடியின் மிகச் சிறு பங்கு நேரமே நீடித்தாலும், பிடிப்பில்லாத குழாயைச் சுவரில் மோதவைக்க அது போதும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் அடி வெகுவாகக் குறையும்.

ஜூகோவ்ஸ்கிக்கு 15 ஆண்டுகள் முன்பே, 1883இல், இதே சூத்திரத்தை எட்டிவிட்டவர் ஒருவர் உண்டு. யோகன்னஸ் ஃபான் கிரீஸ் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். அவர் ஆராய்ந்தது தண்ணீர்க் குழாயை அன்று, மனிதனின் நாடித்துடிப்பை. நம் ரத்தக் குழாய்கள் ரப்பரைப் போல விரிந்து சுருங்குவதால்தான் ஒவ்வொரு இதயத் துடிப்பையும் தாங்கிக்கொள்கின்றன. வீட்டுக் குழாய்க்கும் அப்படி விரிந்து கொடுக்கும் இடம் ஒன்று வேண்டும்.

அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்றைச் செய்து பாருங்கள். மெஷினுக்குப் போகும் ஆங்கிள் வால்வைப் பாதி மூடுங்கள். ஓட்டத்தின் வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மெஷின் நிரம்பக் கூடுதலாகச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் முக்கால் பங்கு சத்தம் இதிலேயே போய்விட்டது. பம்ப்பின் அழுத்தத்தைக் குறைத்து வைக்க முடிந்தால் அதையும் செய்யலாம்.

அடுத்து, சத்தம் வரும் நேரத்தில் குழாயின் மேல் கை வைத்துப் பாருங்கள். எங்கள் பால்கனியில் கிளாம்ப் கழன்றிருந்த இடத்தில் குழாய் விரல் பருமனுக்குத் துள்ளியது. அங்கே ரப்பர் துண்டு வைத்து கிளாம்ப் முடுக்கியதும் மீதிச் சத்தமும் அடங்கியது.

இவ்வளவு செய்தும் நிற்கவில்லையென்றால் 'வாட்டர் ஹேமர் அரெஸ்டர்' என்று கேட்டு வாங்குங்கள். விரலளவு குப்பிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு பிஸ்டனும் இருக்கும். அழுத்தம் எகிறும்போது பிஸ்டன் பின்வாங்கிக் காற்றை அமுக்கும், அடி அதிலேயே கரையும். மெஷினின் வால்வுக்கு எவ்வளவு பக்கத்தில் பொருத்துகிறோமோ அவ்வளவு பலன். முன்பெல்லாம் இதற்குப் பதில் தலையை மூடிய குழாய்த் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைப்பார்கள். அதிலுள்ள காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்துவிடும். அப்படி வைத்திருப்பவர்கள் எப்போதாவது குழாயை முழுக்க வடித்துக் காற்று நிரம்பவிட வேண்டும்.

சத்தம் பழகிவிட்டது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தினமும் பல தடவை விழும் அடி இணைப்புகளைத் தளர்த்தும். சுவருக்குள் கசிவு தொடங்கினால் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டிவரும். புது வீடு கட்டுகிறவர்கள், சுவர் பூசுவதற்கு முன்பே ஒருமுறை போய்க் குழாய்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிற இடத்திலெல்லாம் கூடுதலாக ஒரு கிளாம்ப் போடச் சொல்லுங்கள்.