தளம் போடும் முன் ஒரு கேள்வி

தம்பி தங்கைகளே, சேலம் மாவட்டம் தம்மம்பட்டிக்குப் போனால் உளிச் சத்தம் கேட்கும். வாகைக் கட்டை பிள்ளையாராகவும் குதிரையாகவும் மாறும் ஊர் அது. அந்த மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே ஒரு சிற்பி மாடி வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே பட்டறை, மேலே பிள்ளைகள் படிக்கும் அறை. கம்பி கட்டி முடிந்தது. நாளைக்குத் தளம் போடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் கேட்கிறார்: “நெட்டுக்கும் பைப் போட்டுடலாமாண்ணா, இல்ல வைஃபையே போதுமா?”

கான்கிரீட் இறுகிவிட்டால் சுவரில் காடி வெட்டித்தான் வயர் கொண்டுபோக முடியும். அதனால் இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

வைஃபை என்பது ரேடியோ அலை. வீட்டு மோடம் பெரும்பாலும் இரண்டு வகை அலைகளை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். இரண்டாவதில் வேகம் அதிகம். ஆனால் சுவர்களைத் தாண்டும்போது அது சீக்கிரமே வலுவிழந்துவிடும். சிற்பியின் பட்டறையில் அடுக்கியிருக்கும் காய்ந்த மரம் அலையை அவ்வளவாகத் தடுக்காது. செங்கல் சுவர் ஓரளவு தடுக்கும். கம்பி வைத்த கான்கிரீட் தளத்தில் கம்பிகள் அலையைச் சிதறடிக்கும், கான்கிரீட்டும் அதிலுள்ள ஈரமும் அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு பீரோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். கீழே நன்றாக ஓடும் வீடியோ மாடியில் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான்.

அப்படியானால் வைஃபை மட்டமானதா? இல்லவே இல்லை! தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 2006 வாக்கில் சுற்றுவட்டாரக் கண் மையங்களை வைஃபையாலேயே இணைத்தார்கள். உயரமான கம்பத்தில் ஆன்டெனா. இன்னொரு கம்பத்தில் அதை நேராகப் பார்த்தபடி இன்னொரு ஆன்டெனா. பல கிலோமீட்டர் தூரம் அலை பறந்தது. கிராமத்துப் பாட்டி அங்கேயே உட்கார்ந்திருக்க, தேனியிலிருந்த மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார். அத்தனை தூரம் போன அலை வீட்டுக்குள் இரண்டு சுவருக்கே திணறுகிறதே, ஏன்? தேனியில் இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவே எந்தத் தடையும் இல்லை. அலையை நாலாபுறமும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவித்தும் அனுப்பினார்கள். வீட்டு மோடத்துக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது.

இப்போது வயருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நெட் கேபிளின் வெட்டுத்துண்டு கிடைத்தால், பெரியவர்களைக் கொண்டு மேலுறையை உரித்துப் பாருங்கள். உள்ளே 8 மெல்லிய கம்பிகள், 4 ஜோடிகளாக: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றும் தன் நிறக்கோடு போட்ட வெள்ளைக் கம்பியோடு முறுக்கிக்கொண்டிருக்கும். இப்படி முறுக்குவதற்கு 1881-லேயே காப்புரிமை வாங்கினார் தொலைபேசி புகழ் கிரகாம் பெல்.

முறுக்கினால் என்ன லாபம்? ஒரு கம்பியில் +1 என்று அனுப்பினால், ஜோடிக் கம்பியில் -1 என்று அனுப்புவார்கள். பக்கத்தில் மோட்டார் ஓடுகிறது. அதன் தொந்தரவு கம்பிகளில் 3 கூட்டிவிடுகிறது என்று கொள்ளுங்கள். முறுக்கியிருப்பதால் இரண்டு கம்பிகளும் மாறி மாறி மோட்டார் பக்கம் வரும். தொந்தரவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக ஏறும். +1 என்பது 4 ஆகும், -1 என்பது 2 ஆகும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. முன்பு 1-க்கும் -1-க்கும் வித்தியாசம் 2. இப்போது 4-க்கும் 2-க்கும் வித்தியாசம்? அதே 2! தொந்தரவு தானாகக் கழிந்துபோயிற்று. ஒரு கழித்தல் கணக்கு இவ்வளவு பெரிய வேலை செய்கிறது. நான்கு ஜோடிகளின் முறுக்கையும் உற்றுப் பாருங்கள், நெருக்கம் ஒன்றுபோல இருக்காது. ஒரு ஜோடியின் பேச்சு பக்கத்து ஜோடிக்குள் புகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

‘கேட் 6’ கேபிளில் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் போகும். எந்த வீட்டுக்கும் இது தாராளம். போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபையோ வகுப்பறை மாதிரி: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வீட்டில் போன், டிவி, கேமரா என்று கூடக்கூடக் காத்திருப்பும் கூடும். பக்கத்து வீட்டு வைஃபையும் அதே வரிசையில் வந்து நிற்கும்.

ஆனாலும் போனை வயரில் கட்டிப்போட முடியாதே! அதனால் என் பதில் இது: இடம் மாறாத டிவி, கம்ப்யூட்டர், கேமராவுக்கு வயர், கையில் தூக்கிக்கொண்டு நடப்பவற்றுக்கு வைஃபை. மாடியில் வைஃபை நன்றாகக் கிடைக்கவும் வயர்தான் உதவும். கீழே இருக்கும் மோடத்திலிருந்து ஒரு கேபிளை மேலே கொண்டுபோய், அங்கே இன்னொரு வைஃபை பெட்டியை மாட்டிவிட்டால், கான்கிரீட்டைத் துளைக்கும் வேலை அலைக்கு இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் பைப் போடட்டும்!

அந்தப் பைப் மின்சார வயர் போகும் பைப்பாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளியே போக வேண்டும். குறுக்கே கடக்கும் இடத்தில் செங்கோணமாகக் கடக்க வேண்டும். வளைவுகள் மெதுவாகத் திரும்பட்டும். நாளைக்குப் புது வகைக் கேபிள் வந்தாலும் கட்டி இழுக்க வசதியாக உள்ளே ஒரு கம்பியை விட்டுவைக்கலாம். கேபிள் வாங்கும்போது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைத் தள்ளிவிட்டு, முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் தெருவில் யாராவது வீடு கட்டினால், தளம் போடும் முன்பே போய் இதைச் சொல்லிவிடுங்கள்.