மனக்கவலையும் மூலிகையும்

விடுமுறைக்குத் தாயகம் சென்று திரும்பும் நம் குடும்பங்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், வடகத்துக்கும் வற்றலுக்கும் இடையே நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்கள் சிலவும் இருக்கக் காணலாம். சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் அவற்றுள் நெடுநாளைய உறவுகள். அண்மைக் காலமாக அமுக்கராக் கிழங்குப் பொடியும் அவற்றோடு சேர்ந்து வருகிறது. “தூக்கம் வரவில்லை, மனம் ஒரு நிலையில் இல்லை” என்று நாம் தொலைபேசியில் சொன்ன சொல்லைக் கேட்டு, பெற்றோரோ உற்றாரோ அன்புடன் கட்டிக்கொடுத்தது அது. அந்த அன்பை நாம் போற்றுகிறோம். ஆயின், பொட்டலத்தில் இருப்பது மருந்து. மருந்தெனின் அதற்கு ஆற்றல் உண்டு. ஆற்றல் உடையதை அறிந்தே கையாளுதல் வேண்டும்.

கவலை உடலில் செய்யும் வேலை

நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் இரு சிறு சுரப்பிகள் அமைந்துள்ளன. அட்ரீனல் என்பது அவற்றின் பெயர். திடீரென்று அச்சம் நேரும்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இவை சுரக்கும் அட்ரீனலின் என்னும் நீரின் செயல். அது விரைந்து வரும், விரைந்து அடங்கும். கவலை நீடிக்குமாயின், மூளையின் ஆணைப்படி கார்ட்டிசால் என்னும் மற்றொரு நீர் மிகுதியாகச் சுரக்கிறது. அது கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கிறது. உடலை விழிப்பு நிலையில் நிறுத்துகிறது.

மான்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர், குளிர், காயம், மிகு உழைப்பு, நஞ்சு எனத் துன்பம் எதுவாயினும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே வகையான மாற்றங்களை அடைவதைக் கண்டார். 1936ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பே இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாயிற்று.

கார்ட்டிசால் நம் பகைவன் அன்று. அது அறவே குன்றினால் உயிருக்கே தீங்கு நேரும். இயல்பான உடலில் அது விடியற்காலையில் உயர்ந்தும் நள்ளிரவில் தாழ்ந்தும் இருக்கும். நள்ளிரவுப் பணியும், மணிக்கணக்கான மின்தொடர் வண்டிப் பயணமும், ஊரில் நோயுற்றிருக்கும் முதியோரைப் பற்றிய கவலையும் சேர்ந்து நம் உறக்கத்தைக் குலைக்கும்போது, இந்த ஒழுங்கும் குலையத் தலைப்படுகிறது. “உங்கள் சுரப்பி களைத்துவிட்டது, இப்பொடியால் அது புத்துயிர் பெறும்” என்று சில விளம்பரங்கள் கூறுகின்றன. அவ்வாறு களைத்துப்போகும் நோய் ஒன்று இருப்பதாகச் சுரப்பியியல் மருத்துவர்கள் ஏற்பதில்லை.

அமுக்கராவின் ஆற்றல்

அமுக்கராவை வடமொழியில் அசுவகந்தா என்பர். பச்சைக் கிழங்கு குதிரையின் மணம் உடையது என்பதால் வந்த பெயர் அது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களில் இது பெருமளவு பயிராகிறது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இதனை நெடுங்காலமாகப் போற்றி வருகின்றன.

இக்காலத்து ஆய்வுகளும் இதனைப் புறக்கணிக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், மன உளைச்சலுற்ற 64 பேரில் ஒரு சாரார்க்கு இக்கிழங்கின் சாறு 300 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறையாக 60 நாட்கள் அளிக்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றோரைக் காட்டிலும் அவர்களுடைய மன உளைச்சலும் இரத்தத்திலுள்ள கார்ட்டிசாலும் குறைந்தன. பின்னர் நடந்த வேறு சில ஆய்வுகளும் இதனை ஒத்த பயனைக் கூறுகின்றன. எனினும், இவை பெரும்பாலும் சிலரை மட்டும் கொண்டு சில வாரங்களே நடந்தவை. ஆண்டுக்கணக்கில் உண்டால் என்னவாகும் என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

தீங்கும் உண்டு. இதனை உண்டவர் சிலர்க்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்து காமாலை கண்டதாக மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. இது தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடும். உறக்க மாத்திரை, நீரிழிவு மாத்திரை ஆகியவற்றின் வேகத்தையும் கூட்டக்கூடும். கருவுற்ற தாய்மார் இதனைத் தவிர்த்தல் வேண்டும். டென்மார்க் நாடு 2023ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களில் இதனைச் சேர்ப்பதைத் தடை செய்தது.

இனிக்கும் வேரின் மறுபக்கம்

அதிமதுரத்தைப் பற்றி நாம் எவரும் ஐயுறுவதில்லை. பாடுவோரும் ஆசிரியர்களும் தொண்டைக்கு இதமாக ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வர். அதனால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. ஆனால், அதனை நாள்தோறும் கஷாயமாக்கி வாரக்கணக்கில் பருகுவோர் ஓர் உண்மையை அறிதல் வேண்டும்.

நம் சிறுநீரகங்களில் கார்ட்டிசாலைச் செயலற்றதாக மாற்றும் நொதி ஒன்று உள்ளது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள் அந்நொதியைத் தடுத்துவிடுகிறது. அப்போது கார்ட்டிசால் சிறுநீரகத்தில் தங்கி, உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது; பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது, கால் வீங்குகிறது, இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் ஒருவர் மனஅமைதிக்கென்று இதனைப் பருகிவந்தால், மாத்திரை ஒருபுறம் இழுக்க வேர் மறுபுறம் இழுக்கும். மருத்துவரோ காரணம் அறியாமல் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்.

பெயர் மயக்கமும் கலப்படமும்

பொட்டலம் தீர்ந்தபின் நாம் வாழும் நகரத்துக் கடையை நாடுகிறோம். அங்கே பெயர்கள் மாறுகின்றன. அதிமதுரம் இந்தியில் முலேட்டி, வங்கத்தில் யஷ்டிமது. வல்லாரையைக் கேட்கச் சென்றால் மயக்கம் மிகும். வடபுலத்தில் ‘பிராமி’ என்னும் ஒரே பெயரால் வல்லாரையையும் வழங்குவர், நீர்ப்பிரமியையும் வழங்குவர். இரண்டும் வெவ்வேறு செடிகள். ஆதலின் செடியின் தாவரவியற் பெயர் அச்சிடப்பட்ட, உற்பத்தி உரிம எண் உள்ள பொதிகளையே வாங்குதல் நலம்.

பெயரின்றி விற்கப்படும் பொடிகளில் மற்றோர் இடரும் உண்டு. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் ‘மூலிகை’ என்று விற்கப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தமை பலமுறை வெளிப்பட்டுள்ளது. கார்ட்டிசாலைப் போன்றே வேலை செய்யும் அம்மருந்தை நெடுநாள் உண்டால், நம் சொந்தச் சுரப்பி ஓய்ந்துவிடும். பின்னர்த் திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். வியக்கத்தக்க வேகத்தில் குணம் தரும் பொடியை முதலில் ஐயுறுங்கள். அத்தகைய பொடியை நெடுநாள் உண்டவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் காண்பதே பாதுகாப்பு.

நாம் செய்யத்தக்கன

நம்மில் பலர் சித்த மருந்தை ஆங்கில மருத்துவரிடம் மறைக்கிறோம். ஆங்கில மாத்திரையைச் சித்த மருத்துவரிடம் மறைக்கிறோம். ஏளனம் செய்வாரோ என்னும் கூச்சமே காரணம். இக்கூச்சத்தை விடுத்து, உண்பவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் காட்டுவோமாக. இல்லத்து முதியோருக்கும் இதனை நாமே எழுதிக் கொடுப்போமாக.

உறங்கி எழும் நேரத்தை ஒழுங்கு செய்வதும், காலை வெயிலில் சிறிது நடப்பதும், மாலைக்குப்பின் காப்பியைக் குறைப்பதும் செலவில்லாதவை; எவரும் செய்யக்கூடியவை. ஒரு கோப்பைத் துளசி நீரை அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசிப் பருகினால், மனம் ஆறுவதில் துளசியின் பங்கு பாதியாயின் பேச்சின் பங்கும் பாதியாகும்.

இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமின்மையோ துயரமோ நீங்காவிடில், பொடியை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரை நாடுங்கள். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அயல்மொழி சூழ்ந்த நகரில் தம் துயரைச் சொல்லத் தமிழ்ச் சொல் தேடித் தவிப்போர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்லுதல் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.